பூஜைக்கு வைத்த டிஸ்க்

போன வாரம் எங்கள் பழைய சர்வீஸ் ஆட்களின் வாட்ஸப் குழுவில், இப்போது வேலையில் இருக்கும் ஒரு பெண் இன்ஜினியர் கேட்டிருந்தார்: "மிரர் போட்ட ரெண்டு டிஸ்க்கில் ஒண்ணைக் காணோம். இருக்கிற ஒண்ணை வெச்சு மெஷினை ஸ்டார்ட் பண்ணலாமா?" ஐந்து நிமிடத்துக்குள் ஏழு பேர் பதில் போட்டுவிட்டார்கள். பண்ணலாம், தாராளமாகப் பண்ணலாம், அதற்குத்தானே மிரர், அப்புறம் ஒரு கட்டைவிரல் படம். ஒரு மகானுபாவன் அடிக்க வேண்டிய கட்டளையையே எழுத்து விடாமல் அனுப்பியிருந்தான். எனக்கு வந்ததே கோபம்! குடித்துக்கொண்டிருந்த காபியை அப்படியே வைத்துவிட்டு, "இருக்கிறது எது?" என்று மட்டும் எழுதினேன். 

சாயங்காலம் அந்தப் பெண் தனியாகக் கூப்பிட்டார். "ஏன் சார் அப்படிக் கேட்டீங்க? எது இருந்தா என்ன, ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார். அதை விளக்க ஆரம்பித்தால் போனில் முடியாது, எழுதித் தருகிறேன் அம்மா என்றேன். ஓய்வு பெற்றவன் எழுத்து, கொஞ்சம் வளவளவென்றுதான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மிரர் என்பது வேறொன்றுமில்லை. ஒரே சேதியை இரண்டு நோட்டில் ஒரே சமயத்தில் எழுதிக்கொண்டே போவது. ஒரு நோட்டு கிழிந்தால் இன்னொன்று இருக்கும். இரண்டிலும் கடைசி வரி வரைக்கும் எழுதியிருக்கிறதா என்று யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் அது பாதுகாப்பு. யாரும் பார்க்கவில்லையென்றால் அது வெறும் நினைப்பு. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

ஐடிஐ முடித்து, இரண்டு வருஷம் டிவி ரிப்பேர் கடையில் கருகிய பலகைகளோடு காலம் தள்ளி, சேலத்தில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் நிறுவனத்தில் சேர்ந்தேன். எனக்கு மேலே சர்வீஸ் மேனேஜராக இருந்தவர் கபூர் பாய். அவர் குடும்பமே ஜவுளிக் கடை. அண்ணன் தம்பியெல்லாம் துணி கிழித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தவர். வெள்ளை அரைக்கைச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பிளாஸ்திரி ரோல் இருக்கும், காயத்துக்கு ஒட்டுகிறோமே அதே பிளாஸ்திரி. எந்த மெஷினைத் திறந்தாலும் முதல் வேலை, ஒரு துண்டு கிழித்து டிஸ்க்கின் மேல் ஒட்டி, எந்தத் தட்டில் இருந்தது, என்றைக்கு எடுத்தது, கடைசியாக என்றைக்கு எழுதியது என்று பேனாவால் எழுதுவார். அப்புறம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். கீபோர்டை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. நாம்தான் அடிக்க வேண்டும். என்டர் தட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி வரும்.

"எதுலேருந்து எதுக்கு?"

வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும். இந்த டிஸ்க்கிலிருந்து அந்த டிஸ்க்குக்கு என்று, பிளாஸ்திரியில் இருப்பதைப் பார்த்துப் படித்துச் சொல்ல வேண்டும். பட்டென்று சொன்னால் மறுபடி கேட்பார். எரிச்சல் பட்டால் மூன்றாவது தடவையும் கேட்பார். என்னை "குமரேசா, வாப்பா, போப்பா" என்றுதான் கூப்பிடுவார். "வாங்க குமரேசன்" என்று மரியாதை வந்துவிட்டதென்றால் நான் ஏதோ தப்புச் செய்திருக்கிறேன், அவருக்கு ரத்தம் கொதிக்கிறது என்று அர்த்தம்.

இந்தக் கேள்வியை நாங்கள் கிண்டலடித்துக்கொண்டுதான் இருந்தோம். டீக்கடையில் பாய் இல்லாதபோது, கிளாஸிலிருந்து டம்ளருக்கு ஊற்றும் மாஸ்டரிடம்கூட "எதுலேருந்து எதுக்குங்க?" என்று கேட்டுச் சிரிப்போம். மல்லசமுத்திரம் பக்கம் ஒரு நூல் மில்லில் எங்கள் ஆள் ஒருவன் கைவரிசையைக் காட்டிய பிறகுதான் சிரிப்பு நின்றது. கெட்ட டிஸ்க்கை எடுத்துவிட்டுப் புதுசை மாட்டியவன், அவசரத்தில் திசையை மாற்றிக் கொடுத்துவிட்டான். காலி டிஸ்க், நிறைந்த டிஸ்க்கின் மேல் அழகாகப் பிரதி ஆனது. மிரர் நூற்றுக்கு நூறு சரி. இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி காலி! பாய் அவனைத் திட்டவில்லை. மறுநாள் காலையில் பஸ் ஏறிப் போய், மில் ஆட்களோடு உட்கார்ந்து, பேப்பரைப் பார்த்துப் பார்த்துத் திரும்ப அடித்துக் கொடுக்கிற வேலையைத் தானும் செய்தார். பதினோரு நாள் போனார்.

அவ்வளவு பார்த்த நான்தான் இனி சொல்லப்போகும் காரியத்தைச் செய்தேன்.

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில், ஒரு அறக்கட்டளை நடத்திய சின்ன ரத்த வங்கி. ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் பக்கத்துக் கட்டடத்தில் இருந்தது. ரத்தம் கொடுப்பவர்களின் பெயர், குரூப், போன் நம்பர் எல்லாம் ஒரு சர்வரில். இரண்டு டிஸ்க், மிரர். முன்பக்கம் கைப்பிடி வைத்த இரண்டு சின்ன டிராயர் மாதிரி இருக்கும், கைப்பிடியை இழுத்தால் டிஸ்க் வெளியே வந்துவிடும். அமைத்துக் கொடுத்தவன் நான். பேக்கப் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, அதே மெஷினுக்குள் இன்னொரு ஃபோல்டரில். அதையும் ஏற்பாடு செய்த புத்திசாலி நான்தான்.

அன்றைக்கு விஜயதசமி. காலை எட்டு மணிக்கு, வீட்டில் பொரி கடலையைக் கொறித்துக்கொண்டிருந்தபோது, அந்த ரத்த வங்கி லேப் டெக்னீஷியன் சாந்தி கூப்பிட்டார்.

"சார், மெஷினு ஏறமாட்டேங்குதுங்க. ஒடனே வாங்க சார். ஒரு உசுரு சமாசாரமுங்க."

பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஒரு மணி நேரத்தில் அங்கே இருந்தேன். வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தது. ஃப்ரிட்ஜ், தராசு, நாற்காலி என்று எல்லாவற்றிலும் சந்தனம் குங்குமம். சர்வர் நெற்றியிலும் மூன்று பட்டை போட்டுப் பொட்டு வைத்திருந்தார்கள். சாந்தி மூச்சு விடாமல் சொன்னார். நாமகிரிப்பேட்டையிலிருந்து கவிதா என்று ஒரு பெண், பக்கத்து ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குச் சேர்ந்திருக்கிறாள். நச்சுக்கொடி கீழே இறங்கி அடைத்துக்கொண்டிருக்கிறது, விடியற்காலையிலிருந்து ரத்தம் போகிறது, வயிற்றைத் திறந்துதான் குழந்தையை எடுக்க வேண்டும்.

"ஓ பாசிட்டிவ்னுதான் எழுதியிருந்துச்சுங்க. இருக்கற ஓ பாட்டில் அத்தனையும் சேத்துப் பாத்துட்டேன், ஒண்ணுகூட ஒத்துக்க மாட்டேங்குது, கட்டி கட்டியாப் போவுது. பாம்பே குரூப்புங்க சார். அந்தக் குரூப்புக்காரங்க குடுத்தாத்தான் ஏத்த முடியும். ஒரு பாட்டிலாவது கையில இல்லாம கத்தி வெக்க மாட்டேங்கறாங்க டாக்டரம்மா. கோயமுத்தூர், மெட்ராஸெல்லாம் கேட்டுட்டேன், அங்கிருந்து வரணும்னா ராத்திரி ஆயிருமாமுங்க. நம்ம லிஸ்ட்டுல ஒருத்தர் இருக்காரு. பரமத்தி வேலூர்க்காரரு, தங்கராசுன்னு. அவரு நம்பரு இதுக்குள்ளதான் இருக்குதுங்க."

கதவோரம் அந்தப் பெண்ணின் புருஷன் முருகேசன் நின்றுகொண்டிருந்தான். போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை. கையில் ஒரு சீட்டை நான்காக மடித்து, பிரித்து, திரும்ப மடித்துக்கொண்டிருந்தான். "ஏனுங்க சார், எத்தன நேரமாகுமுங்க?" என்றான். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

மெஷினை ஏற்றினேன். கறுப்புத் திரையில் கேள்வி வந்து நின்றது: இரண்டு டிஸ்க்கில் ஒன்றைக் காணவில்லை, இருப்பதை வைத்துத் தொடங்கவா, ஒய் (ஆம்) அல்லது என் (இல்லை)? முன்கதவைத் திறந்து பார்த்தேன். கீழ்த்தட்டு காலி. மேல்தட்டில் டிஸ்க் இருந்தது, பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. "கீழே இருந்தது எங்கே?" என்றேன். சாந்திக்குத் தெரியவில்லை. முருகேசன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்று இல்லை, ஒன்று இருக்கிறது, இதற்குத்தானே மிரர் என்று நினைத்தேன். பிளாஸ்திரியும் ஒட்டவில்லை, தேதியும் பார்க்கவில்லை. ஒய் தட்டினேன்.

மெஷின் ஏறியது! பெயர்ப் பட்டியல் வந்தது. பாம்பே குரூப் என்று தேடியதும் தங்கராசு வந்தார், நம்பரோடு. சாந்தி "அப்பாடா, முருகா" என்று கும்பிட்டார். எனக்கும் தலைகால் புரியவில்லை. நம்பரை ஒவ்வொன்றாக நான் படிக்க, அவர் போனில் அழுத்தினார்.

இந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது போன்.

திரும்ப அழுத்தினார். அதே குரல். முருகேசன் தன் போனிலும் போட்டுப் பார்த்தான். அதே குரல். "நேரா வேலூருக்கே போயிரட்டுங்களா? பேரைச் சொன்னாத் தெரியாதுங்களா?" என்றான். வெறும் பெயரையும் வேலூர் என்பதையும் வைத்துக்கொண்டு ஆற்றங்கரை நீளத்துக்கு எத்தனை தோட்டத்தில் போய்த் தங்கராசுவைத் தேடுவது? சாந்தி பேப்பர் ரிஜிஸ்டரைப் புரட்டினார். அதிலும் அதே நம்பர்தான். புரட்டிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"சார், இவரு நம்பரு மாறிப்போச்சுன்னு ஆடி மாசம் வந்து சொன்னாருங்க. நாந்தான் கம்ப்யூட்டர்ல திருத்தினேன். இங்கயே உக்காந்து திருத்தினேன். திருத்துனது எங்கீங்க?"

பட்டியலின் கடைசிப் பதிவுக்குப் போனேன். தேதி மே மாதம். அதற்கப்புறம் ஐந்து மாதம், ஒன்றுமே இல்லை.

அந்தத் தேதியைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அந்த வாரம்தான் சாந்தி எனக்குப் போன் செய்திருந்தார். "மெஷினு பீப் பீப்புன்னு கத்திக்கிட்டே இருக்குதுங்க சார், காது போவுது." எந்தப் பொத்தானை அமுக்கினால் சத்தம் நிற்கும் என்று போனிலேயே சொன்னேன். "அடுத்த வாரம் வாரேனுங்க, வந்து பாக்கறேன்" என்றேன். சத்தம் நின்றது. அவர்கள் மறந்தார்கள், நானும் மறந்தேன். ஒரு டிஸ்க் விலகிவிட்டது, நான் தனியாக ஓடுகிறேன் என்றுதான் அந்த மெஷின் கத்தியிருக்கிறது. விலகிப்போன அந்தப் பழைய டிஸ்க்கைத்தான் இப்போது நான் எழுப்பி வைத்திருக்கிறேன். மின்சாரத்தை நிறுத்திப் போட்டதில், பழுதைக் காட்டும் அதன் மஞ்சள் விளக்கு பச்சையாகிவிட்டது. ஐந்து மாதமும் ஒழுங்காக எழுதிவந்த நல்ல டிஸ்க்தான் காணாமல் போன டிஸ்க்.

பாய்க்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். "பாய், தப்புப் பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ஓடறதை நிறுத்திட்டீங்களா, குமரேசன்?" என்றார்.

அந்த மரியாதை எதற்கென்று எனக்குத் தெரியும். "இல்லை பாய்" என்று சொல்லத் திரும்பினேன். அங்கே, கூட்டிப் பெருக்கும் பாப்பாத்தி அக்கா சர்வர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். கையில் டிஸ்க்! முழுக்கச் சந்தனம், குங்குமம், ஓரத்தில் ஒரு செவ்வந்திப் பூ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கீழ்த்தட்டில் பாதி நுழைத்துவிட்டார்.

"தள்ளாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பாய்ந்து போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். இரண்டு கண்ணாடி வளையல் உடைந்தது. அந்த மெஷினில் இரண்டு டிஸ்க்கையும் மேய்க்கும் கார்டுக்கு ஒரு குணம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது டிஸ்க்கைத் தள்ளினால், ஒரு வார்த்தை கேட்காது. ஓடுகிறதிலிருந்து, வந்ததற்குப் பிரதி எடுக்க ஆரம்பித்துவிடும். பழசு புதுசை அழித்திருக்கும். ஐந்து மாதமும், தங்கராசுவின் புது நம்பரும், இன்னும் ஒரு விரற்கடை தள்ளியிருந்தால் போயிருக்கும்.

டிஸ்க்கை வெளியே இழுத்து எடுத்தேன். பாப்பாத்தி அக்கா அழ ஆரம்பித்துவிட்டார்.

"பூசைக்கு வெச்சனுங்க சாமி. ரூமுக்கு ஒரு சாமானம் சாமிக்கு முன்னால வெக்கோணும்னாங்க. லேப்புல கத்தரி வெச்சோம், ஆம்புலன்ஸ்ல ஸ்பானர் வெச்சோம். இங்க கம்ப்யூட்டரு டிவிப் பொட்டியத் தூக்க முடியல, மெஷின நிறுத்துன பொறவு கைப்பிடி இருந்ததை எடுத்து வெச்சனுங்க. மறுபூசை ஆவாம எடுக்கக்கூடாதுன்னு உட்டுப்போட்டேன். இப்ப நீங்க தேடறீங்கன்னதும் ஓடிப்போயி எடுத்தாந்தேன்."

"ரெண்டு இருந்துச்சே அக்கா, இதை எதுக்கு எடுத்தீங்க?" என்றேன். எனக்கு அப்போதும் கோபம் அடங்கவில்லை.

"தெனமும் கூட்டறப்பப் பாக்கறனுங்களே. இதுல பச்சை லைட்டு எரியும், அதுல மாசக்கணக்கா மஞ்சக் கலருதான் எரியுது. அது ரிப்பேருங்க. ரிப்பேர் சாமானத்தைச் சாமிக்கு முன்னால வெக்கலாமுங்களா?"

 அந்தக் கட்டடத்தில் எந்த டிஸ்க் நல்லது, எது கெட்டது என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவரிடம் யாரும் கேட்கவில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு அதைப் பார்க்க வேண்டியவன் அவர் வளையலை உடைத்துவிட்டு நிற்கிறேன். வெட்கமாக இருந்தது.

போனில் பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மெதுவாக ஒவ்வொன்றாகச் சொன்னார். மெஷினை முறையாக நிறுத்தினேன். பழைய டிஸ்க்கை உருவி, சாந்தி கொடுத்த பிளாஸ்திரியில் "பழசு, மே வரை" என்று எழுதி ஒட்டி, அலமாரிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். நல்ல டிஸ்க்கின் பின்னால், கார்டோடு சேரும் தங்க நிறப் பற்களிலெல்லாம் சந்தனம் காய்ந்து அப்பிக்கிடந்தது. மேலே தீர்த்தம் வேறு தெளித்திருக்கிறார்கள். ரத்த வங்கியில் ஸ்பிரிட்டுக்குப் பஞ்சமா? பஞ்சில் நனைத்து, ஒவ்வொரு பல்லாகத் துடைத்தேன். சாந்தி டார்ச் பிடித்தார். பஞ்சு மஞ்சளாக வந்துகொண்டே இருந்தது, ஆறாவது பஞ்சுதான் வெள்ளையாக வந்தது. ஸ்பிரிட் காயும் வரைக்கும் போடக்கூடாது என்றார் பாய். பத்து நிமிடம். அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் இரண்டு தடவை வந்துவிட்டார். இரண்டாவது தடவை வந்தபோது முருகேசனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அவன் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவன் பக்கம் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

டிஸ்க்கை உள்ளே தள்ளினேன். மெஷினை ஏற்றினேன். உர்ரென்று சுற்றியது. அதே கறுப்புத் திரை, அதே கேள்வி: ஒன்றைக் காணவில்லை, இருப்பதை வைத்துத் தொடங்கவா?

"எதுலேருந்து எதுக்கு?" என்றார் பாய்.

"எதுலேருந்தும் எதுக்கும் இல்லை பாய். இது ஒண்ணு மட்டும், தனியா. பழசு அலமாரியில இருக்கு, சாவி என் பையில இருக்கு."

"எது எழுந்திருக்கப் போவுது?"

"நேத்து முந்தாநாள் வரைக்கும் எழுதினது."

"சரி. அமுக்குப்பா."

அந்த ஒரு 'ப்பா'வுக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒய் தட்டினேன். பட்டியல் வந்தது. கடைசிப் பதிவு, பூஜைக்கு முந்தின நாள். தங்கராசு, வேறு நம்பர். சாந்தி போட்டார். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. திரும்பப் போட்டார். ஒரு பெண் குரல், "அவரு தோட்டத்துல வெத்தலை கிள்ளிட்டிருக்காருங்க, இருங்க கூப்புடறேன்" என்றது. நாங்கள் நான்கு பேரும் அந்தப் போனைச் சுற்றி நின்றோம். மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு ஆண் குரல் வந்தது. சாந்தி விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "வாரேனுங்க, இப்பவே வாரேன்" என்றது.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து பதினொன்றரைக்கு வந்து சேர்ந்தார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான ஆள். கட்டை விரல் நகம் வெற்றிலை கிள்ளிக் கிள்ளிப் பச்சையாக இருந்தது. சாந்தி ரத்தம் எடுத்து, சோதனைகளை முடித்து, பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு பக்கத்துக் கட்டடத்துக்கு ஓடினார். இரண்டரை மணிக்கு முருகேசன் வந்தான். பெண் குழந்தை, தாயும் பிழைத்துக்கொண்டாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குலுக்கினான். "நீங்க நல்லா இருக்கோணுமுங்க" என்றான். சர்வீஸ் ரிப்போர்ட்டில் பழுதுக்கான காரணம் என்ற இடத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். ஆனால் அவனிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

தங்கராசு பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கட்டும் டீயும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குழந்தை பிறந்த சேதி தெரிந்துகொண்டுதான் கிளம்புவேன் என்று சொல்லிவிட்டாராம். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஆடி மாதம் நம்பர் மாறியதைச் சொல்ல எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன்.

"பஸ்ஸுலதானுங்க. நாமக்கல் வந்து, அங்கிருந்து மாறி."

"ரெண்டு பஸ் மாறியா? ஒரு போன்ல சொல்லியிருக்கலாமேங்க."

"சொல்லலாமுங்க. அவங்களுக்கு ஆயிரம் சோலி. சரிங்கன்னு சொல்லிப்போட்டு மறந்துருவாங்க. அந்தம்மா எழுதறதைக் கண்ணுல பாத்துட்டுப் போனாத்தான் எனக்கு நிம்மதிங்க. என்ற ரத்தம் எந்தப் புள்ளைக்கு வேணுமோ, யாருக்குத் தெரியும்?" டீயைக் குடித்து முடித்துவிட்டு, "நீங்க எந்தூருங்க?" என்றார்.

"சேலமுங்க."

"அட, பக்கந்தானுங்களே!" என்றார்.

மே மாதம் 'அடுத்த வாரம் வாரேனுங்க' என்று போனில் சொன்னவன், "ஆமாங்க, பக்கந்தான்" என்றேன்.